மாப்பிள்ளையிடம் யார் கேட்பது? ஆண்களின் பிள்ளைப்பேறின்மையும் அதன் காரணங்களும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரானில் ஒரு கலியாணம் முடிந்து இரண்டு பெரும்போகம் அறுவடையாகியும் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வரவில்லையென்றால் வீட்டில் அலைச்சல் தொடங்கும். அம்மன் கோயில் நேர்த்திக்கடன், வாக்குக் கேட்பது, நூல் கட்டுவது, பரிசாரியாரின் கசாயம். இவை கைகொடுக்காவிட்டால் வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ ஒரு பெண் நோயியல் நிபுணர். ஸ்கேன், ஓமோன் இரத்தப் பரிசோதனை, சாயம் ஏற்றிக் கருக்குழாயைப் பார்க்கும் எக்ஸ்றே என்று பெண் எல்லாவற்றையும் கடந்து வந்துவிடுவாள். "அவரையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்க" என்று வைத்தியர் சொன்ன பிறகும் அவர் வருவதற்கு இன்னும் ஒரு வருஷம் போகும். இத்தனைக்கும் ஆணுக்குரிய முதற்பரிசோதனை ஒரு சிறு கிண்ணத்தில் விந்து கொடுப்பது மட்டும்தான். ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. முதலில் நடக்கவேண்டியது கடைசியில் நடக்கிறது.

மட்டக்களப்பின் குடும்ப அமைப்பை அறிந்தவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகப் படவேண்டும். இங்கே குடி தாய்வழியில் வருவது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள்; மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். முக்குவர் சட்டம் என்று கிறிஸ்டோபர் பிறிட்டோ 1876இல் எழுதி வைத்த வழமைகளின் எச்சம் இன்றும் கோயில் உரிமைகளிலும் வீடு வளவுகளிலும் தெரிகிறது. தாய் வீட்டிலேயே வாழும் பெண் மாமியாரின் குத்தல் பேச்சிலிருந்து ஓரளவு தப்பியிருப்பாள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வேறொரு விலை இருக்கிறது. மருமகனோடு நேருக்கு நேர் நின்று பேசவே மாமி கூச்சப்படும் வீட்டில், "தம்பி, நீங்களும் ஒரு செக்கப் செய்து பாருங்க" என்று யார் சொல்வது? மாமனார் சொன்னால் மானப் பிரச்சினை. மனைவி சொன்னால் சண்டை. ஆகவே கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது.

வடமோடிக் கூத்தில் விடிய விடிய மகாபாரதம் ஆடிய மண் இது. அந்தக் கதையின் வேரிலேயே ஆணின் பிள்ளையின்மைதான் இருக்கிறது. விசித்திரவீரியன் இரண்டு மனைவியர் இருந்தும் வாரிசில்லாமல் இறக்கிறான்; பாண்டு சாபத்தால் மனைவியரை நெருங்க முடியாதவன். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலைச் சுற்றி எழுந்த கூச்சலும், 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாவல் பேசும், பிள்ளையில்லாத பெண் வேற்று ஆணோடு சேரும் திருவிழா வழக்கத்துக்குள் ஓர் ஒப்புதல் மறைந்திருக்கிறது: குறை கணவனிடத்தில் இருக்கலாம் என்று ஊர் உள்ளூர அறிந்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவம் சொல்வதைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதாவது பிள்ளைப்பேறின்மையைச் சந்திக்கிறார். பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் ஏதோ ஒரு குறை இருக்கிறது. ஆணிடம் மட்டுமே குறை இருப்பது ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை. இந்தக் கணக்கு தெரிந்த பிறகும் பெண்ணை மட்டும் வரிசையில் நிறுத்துவது பாதி நோயாளிகளைப் பார்க்காமல் விடுவதற்குச் சமம்.

ஆனால் எதைப் பிள்ளைப்பேறின்மை என்பது? தடுப்பு முறை எதுவுமின்றி, ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்து, பன்னிரண்டு மாதம் ஆகியும் கரு தங்காவிட்டால்தான் அந்தப் பெயர். 'சேர்ந்து வாழ்ந்து' என்பதை எங்கள் பகுதியில் அழுத்திச் சொல்லவேண்டும். கட்டாருக்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போகும் ஆண்கள் ஒருபுறம், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மறுபுறம். கலியாணம் முடித்து ஐந்து வருஷம் என்று சொல்லும் தம்பதியர் ஒரே வீட்டில் இருந்த மாதங்களைக் கூட்டிப் பார்த்தால் சிலருக்கு ஒரு வருஷம்கூட வராது. மாதத்தில் கருத்தரிக்கக் கூடிய நாட்கள் ஆறு அளவில்தான். சூல் வெளியாகும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும். லீவில் வந்தவர் அந்த நாட்களில் சொந்தக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தால் குறை எங்கே இருக்கிறது? வைத்தியர் நோயைத் தேடுவதற்கு முன் கலண்டரைப் பார்ப்பது நல்லது.

இனி உடம்பு. ஒரு விந்தணு விதைக்குள் உருவாக ஏறத்தாழ 74 நாள் எடுக்கும். பிறகு விதையை ஒட்டிய சுருள்குழாயில் முதிர்ச்சியடைய இன்னும் இரண்டு வாரம் அளவு. அதாவது இன்றைய பரிசோதனையில் தெரிவது மூன்று மாதத்துக்கு முந்திய உடல்நிலை. மாரி மழையோடு டெங்கு வந்து, நாலைந்து நாள் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர் அடுத்த மாதமே விந்துப் பரிசோதனை செய்தால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அந்தத் தாளைப் பார்த்து இடிந்துபோகத் தேவையில்லை. மூன்று மாதம் விட்டு மறுபடி பார்க்கவேண்டும்.

காய்ச்சல் ஏன் கெடுக்கிறது என்றால், விதைகள் உடம்பின் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைவான சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்காகத்தான் அவை உடம்புக்கு வெளியே தொங்குகின்றன. பேக்கரி அடுப்பு, செங்கல் சூளை, வெல்டிங் பட்டறை, நாள் முழுக்க லொறியின் எஞ்சின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்திருப்பது, வளைகுடா வெயிலில் கட்டிட வேலை என்று சூட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பிள்ளையில்லாமல் போவதில்லை. ஆனால் ஏற்கெனவே எண்ணிக்கை எல்லையில் இருப்பவரை இவை கீழே தள்ளிவிடும்.

சூட்டோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது வெரிகோசீல். விதையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளங்கள் வீங்கிப் புடைத்துப்போவது. பெரும்பாலும் இடப்பக்கம் வரும். அந்தப் பக்கத்து நாளம் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகப் போய்ச் சேர்வதால் இரத்தம் தேங்குவதற்கு வாய்ப்பு அதிகம். பொதுவாக ஆண்களில் 15 சதவீதம் அளவில் இருக்கும் இது, பிள்ளையில்லாத ஆண்களில் 35 முதல் 40 சதவீதம் வரை காணப்படுகிறது. வலி இருக்கவேண்டும் என்றில்லை. ஆளை நிற்க வைத்துத் தொட்டுப் பார்த்தால் நாளம் சுருண்டு கிடப்பது கையில் படும். சத்திரசிகிச்சையால் திருத்தக்கூடியது, திருத்திய பின் பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் எண்ணிக்கை உயர்கிறது. ஆண்களின் குறைகளில் கத்தி வைத்துத் திருத்தக்கூடியவற்றில் மிகப் பரவலானது இதுதான். ஆனால் தொட்டுப் பார்த்தால்தானே தெரியும்? விந்துத் தாளை மட்டும் மேசைமேல் நீட்டினால் தெரியாது.

சில காரணங்கள் குழந்தைப் பருவத்திலேயே விதைக்கப்பட்டவை. ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது விதைப்பை ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதைத் தாய்தான் முதலில் காண்பாள். இறங்காத விதையை ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் சத்திரசிகிச்சை செய்து இறக்கிவிடவேண்டும். "வளர வளர இறங்கிவிடும்" என்று பாட்டிமார் சொல்லும் ஆறுதலை நம்பி விட்டால் பின்னாளில் பிள்ளைப்பேறின்மை மட்டுமல்ல, விதைப் புற்றுநோய்க்கும் வாய்ப்புக் கூடும். கூகைக்கட்டு இன்னொன்று. சின்ன வயதில் வந்தால் பெரிய தீங்கில்லை. பருவமடைந்த பின் வந்தால் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு விதையும் வீங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் என்பதால் முழு மலடாவது அரிது. கூகைக்கட்டுக்கும் சேர்த்துத் தடுக்கும் முக்கூட்டுத் தடுப்பூசி இலங்கையின் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2011இல்தான். இன்று பிள்ளைக்காகக் காத்திருக்கும் வயதினருக்கு அது குழந்தையில் கிடைக்கவில்லை.

விதை முறுக்கிக்கொள்வது அவசர நிலை. பதின்ம வயதுப் பொடியனுக்கு நடு இரவில் திடீரென்று தாங்கமுடியாத வலி வரும். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை மேசைக்குப் போகாவிட்டால் அந்த விதையைக் காப்பாற்றுவது கடினம். பொடியன் வெட்கத்தில் "வயிற்றுவலி" என்றுதான் சொல்வான். மாரியில் புலிபாய்ந்தகல் பாதையை வெள்ளம் மூடி, படகில்தான் கிரானுக்கு வரவேண்டிய நாட்களில் அந்த ஆறு மணித்தியாலம் எவ்வளவு குறுகியது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

விந்தணு உருவாகியும் வெளியே வர வழியில்லாமல் போவது வேறு வகை. கொனோரியா, கிளமிடியா போன்ற பாலியல் தொற்றுகள், காசநோய், சிறு வயதில் செய்த குடலிறக்கச் சத்திரசிகிச்சையில் தவறுதலாக வெட்டுப்பட்ட குழாய், பிறவியிலேயே குழாய் இல்லாமை. விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாத ஆண்கள் நூற்றுக்கு ஒருவர். அவர்களில் ஐந்தில் இருவர் அளவில் இந்த அடைப்பு வகையினர். அவர்களின் விதைக்குள் விந்தணு இருக்கிறது, ஊசியால் எடுக்கலாம். 'ஒன்றுமே இல்லை' என்று தாளில் வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நிறமூர்த்தக் குறைபாடுகளில் முதன்மையானது கிளைன்ஃபெல்ட்டர் நிலை: ஆணுக்குரிய எக்ஸ்-வை சோடியோடு ஓர் எக்ஸ் கூடுதலாக இருப்பது. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு உண்டு. பலருக்குப் பிள்ளையில்லை என்று வைத்தியரிடம் போகும்வரை தெரியாது. வை நிறமூர்த்தத்தின் சில துண்டுகள் இல்லாமல் போவதும் உண்டு. எந்தத் துண்டு இல்லை என்பதைப் பொறுத்துச் சிலருக்கு விதையில் தேடிப் பயனில்லை, சிலருக்குத் தேடலாம். கபச்சுரப்பியிலிருந்து வரவேண்டிய கட்டளை வராததால் விதை தூங்கிக் கிடப்பது அரிது. ஆனால் மருந்தால் நன்கு குணமாவது. கல்மான் நிலை என்று இதில் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு மீசை அரும்பாது, மணமும் தெரியாது. பூவின் வாசனை தெரிகிறதா என்று கேட்கிற வைத்தியர் விளையாட்டுக்குக் கேட்பதில்லை.

சீனி வருத்தம் நீண்டகாலம் கட்டுப்பாடின்றி இருந்தால் நரம்பு பழுதாகி விந்து வெளியே வராமல் சிறுநீர்ப் பைக்குள் போய்விடும். முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. முப்பது வருஷ யுத்தம் நடந்த மாகாணத்தில் அப்படியானவர்கள் பலர். அதிர்வுக் கருவி மூலமோ விதையிலிருந்து நேரடியாகவோ விந்தணு எடுத்துத் தந்தையாக முடியும் என்று அவர்களில் எத்தனை பேரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்?

கிரானைப் பற்றி எழுதும்போது தாண்டிப்போக முடியாதது வயல் மருந்து. சந்திவெளியிலிருந்து வாகனேரிப் பக்கம் வரை பரந்து கிடக்கும் வயல்களில் களைநாசினியும் கிருமிநாசினியும் அடிப்பது பெரும்பாலும் ஆண்கள். சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, முதுகில் தெளிகருவி. மூடி சரியாக இறுகாத கருவியிலிருந்து கசிவது முதுகு வழியாக இறங்கி இடுப்பில் சாரத்தை நனைக்கும். வேலை முடியும்வரை அந்த ஈரத்தோடுதான் நிற்பார்கள். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: உடம்பின் எல்லாத் தோலும் ஒரே அளவில் மருந்தை உறிஞ்சுவதில்லை. அமெரிக்காவில் ஹவார்ட் மைபாக் குழுவினர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், முன்கைத் தோலில் வைத்த பரதியன் என்ற கிருமிநாசினியில் பத்தில் ஒன்றுக்கும் குறைவே உடம்புக்குள் போனது. விதைப்பைத் தோலில் வைத்தது கிட்டத்தட்ட முழுதும் போனது. நனைந்த சாரம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

கிருமிநாசினி ஆணை மலடாக்கும் என்பதற்கு மறுக்கமுடியாத உதாரணம் டீபீசீபீ. கலிபோர்னியாவின் லாத்ரொப் நகரில் இதைத் தயாரித்த தொழிற்சாலையில் 1977இல் தொழிலாளர்களே தங்களுக்குள் பேசிக் கண்டுபிடித்தார்கள், தங்களில் பலருக்குச் சில வருஷமாகப் பிள்ளை பிறக்கவேயில்லை என்று. பரிசோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. எலிகளில் இந்த மருந்து விதையைச் சுருங்கச் செய்கிறது என்பது 1961இலேயே அச்சில் வந்திருந்தது. பதினாறு வருஷம் யாரும் தொழிலாளியிடம் சொல்லவில்லை. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அதற்காகப் பல்லாண்டு வழக்காடினார்கள்.

எங்கள் வயல்களில் அடிப்பவை டீபீசீபீ அல்ல. ஓகனோபொஸ்பேற்று வகைகள் உள்ளிட்ட பலவற்றுக்கும் விந்தின் தரக்குறைவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒருவரைச் சுட்டி 'இந்த மருந்துதான் உன்னைக் கெடுத்தது' என்று சொல்லும் அளவுக்கு அவை வலுவானவையல்ல. கொழும்பில் சிகிச்சைக்கு வந்த ஆண்களின் தொழிலையும் விந்தில் ஈயம், கட்மியம் ஆகியவற்றையும் ஆராய்ந்த ஒரு கட்டுரை 2015இல் சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. கிழக்கின் நெல் விவசாயிகளை வைத்து அப்படியொன்றைச் செய்வதற்கு வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இலங்கை கடும் நச்சு மருந்துகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும், பரக்குவாட்டை 2008க்குப் பின்னும் ஒழித்தது தற்கொலைகளைக் குறைப்பதற்காக. அது பெரிய வெற்றி. மருந்தடிப்பவனின் பிள்ளைப்பேற்றைப் பற்றி அந்தக் கணக்கில் யாரும் யோசிக்கவில்லை.

உலகம் முழுக்க ஆண்களின் விந்தணு குறைந்துகொண்டே வருகிறது என்ற செய்தியும் அடிக்கடி வருகிறது. 1992இல் டென்மார்க் ஆய்வாளர்கள் தொடங்கிவைத்த வாதம் அது. ஹகாய் லெவின் குழு 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 1973க்கும் 2018க்கும் இடையில் மில்லிலீற்றருக்கு 101 மில்லியனிலிருந்து 49 மில்லியனுக்கு இறங்கியதாகச் சொன்னது. எண்ணும் முறைகள் காலத்துக்குக் காலம் மாறியதை வைத்து இதை மறுப்பவர்களும் உண்டு. எனக்கு இந்தச் சர்ச்சையில் பெரிய ஈடுபாடில்லை. 49 மில்லியன் என்பது பிள்ளை பெறத் தாராளமாகப் போதும்.

புகையும் கசிப்பும் உடற்பருமனும் எண்ணிக்கையைக் குறைக்கும். எல்லோருக்கும் தெரிந்ததை நீட்டவேண்டாம். தெரியாத ஒன்று உடற்பயிற்சி நிலையங்களில் தசை ஏற்றப் போடும் ஊசி. அது ஆணின் ஓமோன்தான் என்பதால் ஆண்மை கூடும் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். வெளியிலிருந்து ஓமோன் வந்தால் மூளை 'போதும்' என்று கட்டளையை நிறுத்திவிடும். விதை விந்தணு செய்வதை நிறுத்திவிடும். ஊசியை விட்ட பிறகும் மீள்வதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகலாம்.

ஆண்மைக்குறைவும் பிள்ளைப்பேறின்மையும் ஒன்றல்ல என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. இரவு நேரத் தமிழ்த் தொலைக்காட்சியில் லேகியம் விற்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருக்கிறார்கள். படுக்கையில் எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கு விந்தணு பூச்சியமாக இருக்கலாம். விந்து வீணானால் உடம்பு போய்விடும் என்ற பயத்தை இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் 'தாது நோய்' என்று பெயரிட்டு விவரித்தார். இலங்கையில் அதே பயத்தைப் பத்மல் டி சில்வாவும் திசாநாயக்கவும் 1989இல் பதிவு செய்தார்கள். இந்தப் பயம் நேரடியாகவே கெடுதல் செய்கிறது. பிள்ளைக்காக விந்தைச் 'சேமித்து' மாதத்தில் ஒரு நாள் மட்டும் சேரும் தம்பதியர் கருத்தரிக்கும் நாட்களைத் தவறவிடுகிறார்கள். தேங்கிக் கிடந்த விந்தணுவின் ஓட்டமும் குறைந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்பதே வைத்தியர்களின் ஆலோசனை.

இத்தனையும் தேடிய பின்னும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஆண்களுக்குக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. அதற்காகத் தேடாமல் விடலாகாது; திருத்தக்கூடிய காரணம் எது என்பது தேடினால்தான் தெரியும்.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பயம் அதில்தான். இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்த பிறகு கொடுக்கவேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போகவேண்டும். கிண்ணத்தை ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது, சட்டைக்குள் உடம்போடு ஒட்டினாற்போல் கொண்டுபோவது நல்லது. கிரானிலிருந்து மட்டக்களப்பு இருபது கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸுக்கு நிற்கிறவர் நேரத்தைத் தவறவிட்டால் ஓட்டம் குறைவாக வந்து வீண் கலக்கம். ஆய்வுகூடத்திலேயே தனியறையில் கொடுப்பது உத்தமம். முடிவுத்தாளில் எல்லோரும் 'கவுண்ட்' என்ற ஒரு வரியைத்தான் தேடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கைநூலின் கீழெல்லைகள்: மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், அசைவு 42 சதவீதம், இயல்பான உருவம் 4 சதவீதம். அந்தக் கடைசி எண்ணைப் பார்த்து "96 வீதம் பழுதாம்" என்று தலையில் கைவைக்கிறவர்கள் உண்டு. பிள்ளை பெற்ற ஆண்களுக்கும் அப்படித்தான். ஒரு தாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது, இரண்டாவது வேண்டும். அதுவும் குறைவென்றால் உடம்பைப் பார்க்கவேண்டும். வைத்தியர்களிடம் நூலில் கோர்த்த பன்னிரண்டு மணிகள் இருக்கும். 1 மில்லிலீற்றரிலிருந்து 25 வரை. விதையின் அளவை அதோடு ஒப்பிட்டாலே, குறை உற்பத்தியிலா வழியிலா என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

1992இல் பிரசெல்சில் கண்டுபிடித்த இக்சி முறையில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் சூலுக்குள் செலுத்திக் கரு உண்டாக்கலாம். பெரிய வரம்தான். ஆனால் அதிலும் குறை ஆணுடையதாக இருக்கும்போது நாள்தோறும் வயிற்றில் ஓமோன் ஊசி போட்டுக்கொள்வது பெண். திருத்தக்கூடிய வெரிகோசீலைப் பார்க்காமல் நேரே பல இலட்சம் ரூபாய்ச் சிகிச்சைக்குத் தள்ளுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாமசியில் விற்கும் 'கவுண்ட்' மாத்திரைகளையும் நம்பவேண்டாம்: அமெரிக்காவில் 2,370 ஆண்களிடம் ஆறு மாதம் துத்தநாகமும் போலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த பரிசோதனை 2020இல் வெளிவந்தது. விந்தும் திருந்தவில்லை, பிள்ளை பிறந்த எண்ணிக்கையும் கூடவில்லை.

பெண்ணின் சூல் வயதோடு குறைகிறது. முப்பத்தைந்துக்கு மேல் வேகமாக. ஆண் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் மனைவியின் கணக்கிலிருந்துதான் கழிகிறது. கலியாணம் முடிந்து சேர்ந்திருந்த மாதங்கள் பன்னிரண்டு ஆகிவிட்டால், மனைவிக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஆறு ஆகிவிட்டால், ஊர் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். இருவரும் ஒரே நாளில் போங்கள். விந்துத் தாளோடு திருப்பி அனுப்பினால், "என்னைத் தொட்டுப் பார்க்கவில்லையே, டொக்டர்" என்று ஆண்தான் கேட்கவேண்டும்.